ஞாயிற்றுக்கிழமை பல் பிடுங்கிய அக்காவுக்கு

கொல்லிமலை முழுக்க மருந்தம்மா என்று கூப்பிட்டாலும் நான் மட்டும் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட என் கிறிஸ்டி அக்காவுக்கு,

உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நம்புவீர்களா? நாமக்கல்லுக்குப் போய் வந்தாலே நாலு நாள் அதையே பேசிக்கொண்டிருக்கும் பொன்னி கப்பல் ஏறினாள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் உங்கள் தீவில் இறங்கி, நீங்கள் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் வேறு எதையும் சொல்ல எனக்கு வாய் வராது.

உங்களிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் மலையிலும் அடிவாரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தீர்கள். பத்து நாள் லீவில் மலை பார்க்க வந்தீர்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சலில் சுருண்டு கிடந்த சனங்களைப் பார்த்துவிட்டு, பதினோரு வருஷம் கீழே இறங்கவே இல்லை. சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கூரைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு அலமாரி நிறையப் புட்டிகள், கூடமாட ஒத்தாசைக்கு நான். அந்தப் புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. அதனால்தான் என் கடிதமெல்லாம் கசக்கிறது என்று கேலி செய்வீர்கள். கடைசியில் அதே மலைக்காய்ச்சல் உங்களையும் கொண்டுபோயிற்று.

அதன் பிறகு அந்தக் கொட்டகையில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை வீட்டுக்கு ஆயா வேலைக்குப் போனேன். இரண்டு பெண் குழந்தைகள். பார்க்கக் கொழுக்கட்டைபோல இருப்பார்கள், குணம் மட்டும் மிளகாய். துரை குடும்பம் சொந்த ஊருக்குப் போனபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். துரைசானியிடம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் பூகோளப் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, நாம் தங்கும் இடத்திலிருந்து அது ரொம்பத் தூரம் என்றார். மூன்று வாரத்துக்கும் மேலாகக் கப்பலில் குடல் வெளியே வர வாந்தியெடுத்து வந்தவளிடம் தூரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

நான் விடுவேனா? நச்சரித்து நச்சரித்து, உங்கள் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதவைத்தேன். பதில் இரண்டே வரியில் வந்தது. அவளை அனுப்புங்கள், அவளிடம் நான் ஒன்று கேட்கவேண்டும் என்று இருந்தது.

என்ன கேட்கப்போகிறார்? ரயிலில் ஏறியதிலிருந்து இறங்குவதுவரை இதே யோசனைதான். எப்படிப் போனாள் என்று கேட்பாரா, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்பாரா, வலித்ததா என்று கேட்பாரா? ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து, எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ரயில் முடிகிற இடத்தில் உங்கள் தங்கை மேரி வந்து காத்திருந்தார். உங்கள் மூக்கும் உங்கள் நடையும் அப்படியே இருந்தன. மேரிக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது, எனக்கும் துரை வீட்டில் பழகிய இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு உங்கள் தீவுப் பேச்சுதான், இங்கிலீஷ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். அதனால் அங்கே நாங்கள் பேசியதெல்லாம் மேரியின் வாய் வழியாகத்தான் போய் வந்தது. அதை நம்ம மலைப் பேச்சிலேயே எழுதுகிறேன். நீங்கள் எங்களைவிட நன்றாக அதைப் பேசியவர்தானே.

சனிக்கிழமை காலையில் கப்பல் உங்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. துறைமுகம் என்றால் வழியில் பார்த்த கொழும்புபோல ஒரே இரைச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே கடல் பாறைகளுக்கு நடுவில் உள்ளே வந்து, வளைந்து, சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. அந்த வளைவை ஒட்டி வீடுகள், பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி இருக்கின்றன. படகுகள் எண்ணமுடியாத அளவுக்கு நின்றன. அழகான ஊர் அக்கா. இப்படிப்பட்ட ஊரை விட்டுவிட்டு எங்கள் கொசுக்கடிக்குள் வந்து எதற்கு உட்கார்ந்தீர்கள்?

உங்களிடம் மூன்று மன்னிப்புக் கேட்கவேண்டும். எங்கள் ஊரில் மரமே கிடையாது என்றீர்கள். மரமில்லாத ஊரில் மனுஷன் எப்படி இருப்பான், அக்கா அளக்கிறார் என்று நினைத்தேன். சத்தியமாக ஒரு மரம் இல்லை. காற்று எதையும் நிற்கவிடுவதில்லை. என் முந்தானையையே இரண்டு முறை கடலில் கொண்டுபோய்ப் போடப் பார்த்தது. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்றீர்கள், அதுவும் உண்மை. மூன்றாவது, மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்போம் என்றீர்கள். அப்போது எங்கள் ஊர்க்கவுண்டர், "மண்ண எரிச்சுப் போட்டா அப்பறம் எங்கீங்க நிப்பீங்க மருந்தம்மா?" என்று கேட்டார், கொட்டகையே சிரித்தது. அந்த மண்ணைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எருவரட்டி கணக்காக இருக்கிறது, நன்றாகவே எரிகிறது. கவுண்டரிடம் வந்து சொன்னேன். அவர் இன்னமும் நம்பவில்லை.

ஊருக்கு வெளியே போனால் பாறை, பாறைக்கு அப்பால் இன்னொரு பாறை. அதன் இடுக்கில் கையகல மண்ணைக் கூட்டிவைத்து உருளைக்கிழங்கு போடுகிறார்கள். அதற்கு உரமாகக் கடல்பாசியைப் பெண்கள் கூடையில் சுமந்துகொண்டு மேடேறுகிறார்கள். நம்மைப்போலத் தலையில் இல்லை, முதுகில். சுமை முதுகில் இருப்பதால் கை சும்மாதானே இருக்கிறது என்று நடந்துகொண்டே கம்பளி பின்னுகிறார்கள். ஒருத்தியை நிறுத்தி, கூடைக் கயிற்றை எங்கே மாட்டுகிறாய் என்று சைகையில் கேட்டேன். அவள் காட்டிவிட்டு, என் மூக்குத்தி எப்படி நிற்கிறது என்று கேட்டாள். இரண்டு பேரும் நடுவழியில் நின்று ஒருவரை ஒருவர் ஆராய்ந்தோம்.

துறைமுகத்தில் மீன் அறுக்கும் பெண்களைப் பார்த்தேன். ஹெர்ரிங் என்று ஒரு வெள்ளி மீன், மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. நம்ம ஐயாற்றில் சாமி மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிட்டுப் பழகிய எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் விரல்களைப் பார்த்ததும் நகரமுடியாமல் நின்றுவிட்டேன். கத்தி படாமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணி சுற்றி, நூலைப் பல்லில் கடித்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். அது நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த கட்டு. சேலத்து டாக்டர் ஒருவர் ஒருமுறை நம் கொட்டகைக்கு வந்தபோது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத கட்டாக இருக்கிறதே என்று சொன்னார், நினைவிருக்கிறதா? உங்கள் அம்மாவும் சின்ன வயதில் மீன் அறுத்தவராம். மேரி சொன்னார்.

உங்கள் அம்மா என்னைவிட ஒரு சாண் குட்டை. நான் அவரை ஆத்தா என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் பலாப்பழம் பார்ப்பதுபோல. பிறகு ரொட்டியும் டீயும் வைத்தார். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மேரி என்னைக் கடலோரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். உங்கள் வீட்டுக் கல்லில் முதலில் உங்கள் அப்பா பெயர் இருந்தது. அதற்குக் கீழே படகோடு போன உங்கள் அண்ணன் பெயர் இருந்தது. அண்ணனின் உடம்பு கிடைக்கவே இல்லையாம், ஆனாலும் பெயர் வெட்டுவார்களாம். அதற்குக் கீழே கல் வழுவழு என்று வெறுமையாக இருந்தது. அக்கா பெயர் எங்கே என்று கேட்டேன். அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை என்றார் மேரி. கல்லில் எழுத்து வெட்டுகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் தீவுக்கு வருவார், வரும் செவ்வாய்க்கிழமை வருகிறார் என்றும் சொன்னார்.

என்ன முடிவு, யாரைப் பற்றி முடிவு? உங்களை அடக்கம் செய்த இடத்தில் நாங்கள் நட்ட மரச் சிலுவையில் உங்கள் பெயரைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தோம். முதல் மழையிலேயே எழுத்து போயிற்று, இரண்டாம் வருஷம் கரையான் சிலுவையையே தின்றுவிட்டது. கல்லைக் குவித்துவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நாங்களும் மருந்தம்மா என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். எனக்குப் பிறகு உங்கள் பெயர் கிறிஸ்டி என்று மலையில் யாருக்குத் தெரியும்? இந்தக் கல்லிலும் இல்லையென்றால் உலகத்தில் எங்குமே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் எழுந்தேன். விருந்துக்கு வந்த வீட்டில் சும்மா இருக்கலாமா என்று விளக்குமாற்றைத் தேடி எடுத்து, வாளியில் இருந்த தண்ணீரைத் தெளித்து வாசலைக் கூட்ட ஆரம்பித்தேன். தெருவே வெறிச்சென்று இருந்தது, படகெல்லாம் கட்டிக் கிடந்தது. இந்த ஊர்ச் சனம் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கூட்டினேன். மேரி தலைவிரி கோலமாக ஓடிவந்து விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். எதிர்வீட்டு ஜன்னலில் திரை ஆடியது. நான் தெளித்தது சனிக்கிழமையே கிணற்றிலிருந்து கொண்டுவந்து வைத்த ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீராம்.

விளக்குமாறு பிடிக்க வேலைக்காரி இருக்கிறாள்போல, விருந்தாளி கூட்டினால் கௌரவக் குறைச்சல்போல என்றுதான் நான் நினைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

கோவிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஒருவர் முன்னால் பாட்டில் ஒரு வரியை இழுக்க, மற்றவர்கள் எல்லாம் பின்னால் ஆளுக்கொரு விதமாக இழுத்தார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து, முந்தின நாளே சமைத்துவைத்த ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டோம். பிறகு உங்கள் அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மேரியைப் பார்த்து ஏதோ சொன்னார். மேரி என்னிடம் கேட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் என்ன செய்வாள் என்று அம்மா கேட்கிறார் என்றார்.

இதுதானா கேள்வி? எனக்கு ஒரே சந்தோஷம். உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

"ஞாயித்துக்கெழமைதானுங்க ஆத்தா அக்காவுக்குப் பெரிய வேலை," என்று ஆரம்பித்தேன். "அன்னைக்குத்தான் பல்லுப் புடுங்குவாங்க. விடியறதுக்குள்ள மலைல இருக்கற பதினாலு நாட்டுச் சனமும் வந்து வரிசைல உக்காந்துக்கும். பொழுது சாயற வரைக்கும் அக்காவுக்குக் குனிஞ்ச தல நிமிராதுங்க."

அதோடு நிறுத்தினேனா? என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. மிளகு வாங்க மலையேறி வரும் பேளுக்குறிச்சி ராவுத்தர், கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்து, நீங்கள் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்ததைப் பார்த்ததுமே மயங்கி விழுந்ததைச் சொன்னேன். மயக்கம் தெளிவதற்குள் நீங்கள் பல்லைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்ததையும், அதிலிருந்து அவர் வரும்போதெல்லாம் பேரீச்சம்பழம் கொண்டுவந்ததையும் சொன்னேன். பல்லைப் பிடுங்கும்போது நீங்கள் பாடுவதைச் சொன்னேன், பாடிக்கூடக் காட்டினேன். பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை என்று அழுத்திச் சொன்னேன்.

மேரி பாதியிலேயே திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டார். உங்கள் அம்மா விடவில்லை, முழுவதையும் சொல்லவைத்தார். கேட்டு முடித்ததும் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் சாப்பிடவும் வரவில்லை.

அப்புறம்தான் மேரி எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் படகு இறங்காது, துணி துவைக்கமாட்டார்கள், தண்ணீர் இறைக்கமாட்டார்கள், கத்தியைக்கூடத் தீட்டமாட்டார்கள். அது சாமிக்கு விட்ட நாள். ஊரைவிட்டுப் போன பிள்ளை ஊர் வழியையும் விட்டுவிட்டாளா என்று தெரியாமல், அப்பாவின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை வைக்க உங்கள் அம்மாவுக்கு மனம் வரவில்லையாம். கூடவே இருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் என் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளக் காத்திருந்தாராம்.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லட்டுமா? மண் எரிகிற கதையைச் சொன்னீர்கள், மரமில்லாத கதையைச் சொன்னீர்கள். இதை ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லியிருக்கக் கூடாதா? மலையில் எங்களுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். பல்லுக்கு ஞாயிறு என்று பிடிவாதமாக வைத்தது நீங்கள். ஏன் என்று நான் கேட்டபோது, "அன்னைக்குத்தான் எனக்குக் கை நல்லா ஓடுது கண்ணு," என்று சொல்லிவிட்டுக் குறட்டைக் கழுவப் போய்விட்டீர்கள். நானும் நம்பினேன்.

மேரி நல்லவர். உங்கள் பெயர் கல்லில் ஏறவேண்டும் என்று அவருக்கும் ஆசை. அவர்தான் வழி சொன்னார். நாளைக்குக் காலையில் அம்மாவிடம், கிழமை மாறிவிட்டது, அது திங்கட்கிழமை என்று சொல்லிவிடு, மலையில் இருப்பவர்களுக்கு நாள் கணக்குத் தெரியாது என்றால் நம்பிவிடுவார் என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. எனக்கா நாள் கணக்குத் தெரியாது? இருநூறு பேருக்குக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை எந்த நாள் கொடுத்தது, அடுத்தது எந்த நாள் என்று மனதிலேயே வைத்திருந்தவள் நான். ஆனால் உங்கள் பெயருக்காக அந்த அவமானத்தை விழுங்கலாம் என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலை. உங்கள் அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஆத்தா, நேத்து நான் சொன்னது தப்புங்க. எங்க மலைல கெழமைக் கணக்கெல்லாம் கெடையாது. அக்கா பல்லுப் புடுங்குனது திங்கக்கெழமைங்க."

மேரி அவசர அவசரமாகத் திருப்பிச் சொன்னார். உங்கள் அம்மாவின் கை நின்றுவிட்டது. திங்கட்கிழமையா என்று கேட்டார். மேரி ஆமாம் என்றார். திரும்பவும் திங்கட்கிழமையா என்று கேட்டார். அவர் முகம் தெளியும் என்று நான் காத்திருந்தேன். தெளியவில்லை. கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் அவர் கண்களைச் சரியாகப் பார்த்தேன். வீங்கியிருந்தன. நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பழகியவள் நான், கோபத்தில் தூங்காத கண்ணும் அழுத கண்ணும் எனக்குத் தெரியும். அவர் அழுதிருந்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் சொன்ன பொய் அவரிடமிருந்து எதையோ எடுத்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

"இல்லீங்க ஆத்தா. இப்பச் சொன்னதுதான் பொய்யிங்க. ஞாயித்துக்கெழமதான்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேராக அவரிடமே சொன்னேன். மேரியின் முகம் வெளுத்தது. கிழவி என் கையை விடவில்லை.

பிறகு அவர் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, மேரி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பேசினார். உங்களுக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பல்வலி வந்தது. ஊரில் பல் பிடுங்குகிறவர் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார்.

"நான் போயிக் கதவத் தட்டலை. தட்டியிருந்தா வந்திருப்பாரோ என்னமோ, எனக்குத் தெரியாது, நான் தட்டவே இல்ல. திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்கன்னு சொன்னேன். அவ அழுதா. கோயிலுக்குப் போறவங்க காதுல உழுந்தறக் கூடாதுன்னு ஜன்னலயெல்லாம் சாத்துனேன். பொழுதுக்கும் அழுதா. சாயங்காலமா நிறுத்திட்டா. அதுக்கப்பறம் எம் முன்னால அவ அழுதே நான் பாத்ததில்ல."

மேரி திருப்பிச் சொல்லச் சொல்ல அம்மாவையே பார்த்தார். அவருக்கும் இந்தக் கதை தெரியாது. உங்கள் அம்மா என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். அந்த வரிசையில் குழந்தைகளும் வருவார்களா என்று கேட்டார். வருவார்கள் என்றேன். அவர்கள் அழுவார்களா என்று கேட்டார். அழுவார்கள், அக்கா மடியில் வைத்துக்கொண்டுதான் பிடுங்குவார், அழுது முடிக்கிறவரை இறக்கிவிடமாட்டார் என்றேன். கிழவி இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா, நிஜமாகவே அதற்காகத்தானா? அந்த ஒரு ஞாயிற்றுக்காகவா பதினோரு வருஷ ஞாயிறுகள்? அம்மா மேல் இருந்த கோபமா, இல்லை அன்றைக்கு நீங்கள் பட்ட வலி வேறு பிள்ளைக்கு வேண்டாம் என்றா? இல்லை, உங்கள் ஊர்க் கோவில் மணி கேட்காத மலையில் அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமலா? மூன்றையும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன். உங்கள் அம்மா எதையும் யோசிக்கவில்லை. அவருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எழுத்து வெட்டுகிறவர் வந்தார். சிவந்த மூக்கு, பேச்சே இல்லாத மனிதர். உங்கள் அம்மா காற்றில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கடைசி எழுத்துவரை பக்கத்திலேயே நின்றார். உங்கள் அண்ணன் பெயருக்குக் கீழே உங்கள் பெயர் ஏறியது. தூசியை ஊதிவிட்டு எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், போதும் பொன்னி, கல்லு தேஞ்சு போகும் என்றிருப்பீர்கள். அங்கேதான் நான் அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அன்றைக்கு வேலை இருந்தது.

நான் சனிக்கிழமைக் கப்பலில் கிளம்புவதாக இருந்தது. திங்கட்கிழமை போ என்று உங்கள் அம்மா என்னை நிறுத்திவைத்தார். ஏன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேரி கோவிலுக்கு உடுத்திக்கொண்டு வந்து நின்றார். உங்கள் அம்மாவும் கறுப்பு உடுப்பு, தொப்பி எல்லாம் போட்டுத் தயாராக இருந்தார். திடீரென்று தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினார். கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது, ஈறு சிவந்திருந்தது. எத்தனை நாளாக வலிக்கிறதோ, யாரிடமும் சொல்லவில்லை.

நான்தான் பயந்துபோய், நாளைக்குக் காலையில் கப்பலுக்கு முன்னால் பிடுங்கிவிடுகிறேனே என்று கேட்டேன்.

"இன்னைக்கே புடுங்கு," என்றார். "ஜன்னலத் தொறந்து உடு."

திறந்தேன். தெருவில் கறுப்பு கறுப்பாகச் சனம் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் தலையை என் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாயைத் தொறங்க சாமி என்று நீங்கள் சொல்வதைத் தமிழிலேயே சொன்னேன். பாதி வேலையை அவர் வயதே செய்து வைத்திருந்தது, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அவ்வளவு வலித்திருக்க நியாயமில்லை. ஆனாலும் உங்கள் அம்மா கத்தினார் அக்கா. வாயைப் பொத்தாமல், முகத்தைத் திருப்பாமல், தெருவைப் பார்த்துக் கத்தினார். போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே அழுதார். அழுது முடிக்கிறவரை நான் அவரை விடவில்லை.

பிறகு பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் கோவிலுக்கு நடந்தார்.

நான் ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. துரை வீட்டு வேலையை விட்டுவிட்டேன். மிளகாய்க்குட்டிகள் இரண்டும் காலைக் கட்டிக்கொண்டு அழுதன, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நம் கொட்டகையில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். கழுவித் தள்ளி, கூரைக்குப் புல் போட்டாகிவிட்டது. பேளுக்குறிச்சியிலிருந்து மலைக்கு ரோடு போடுவார்கள் என்று பேச்சிருக்கிறது, நீங்கள் இருந்தபோதும் இதே பேச்சு இருந்தது. ராவுத்தருக்கு இன்னொரு பல் ஆடுகிறதாம். பொன்னி கை எப்படி என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பேன், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவேன், பல் பிடுங்குவேன். மற்றதற்கு டோலி கட்டிக் கீழே அனுப்பிவிடுவேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கிறேன். எந்தக் கிழமையில் யார் வந்து நின்றாலும் சரி, நாளைக்கு வா என்று என் வாயால் சொல்லமாட்டேன். அழுகிற பிள்ளையை, அழுது முடிக்கிறவரை மடியிலிருந்து இறக்கமாட்டேன். இது உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
அரியூர் நாட்டுப் பொன்னி